அன்டெனாட்டி: ஊர்ப்பெயரைக் கண்டுபிடித்துவிட்டு உள்ளே போங்கள்

என் கணவரின் தாத்தா 1909-இல் இத்தாலியிலிருந்து கப்பலேறி நியூயார்க் வந்தவர். வீட்டில் அவரைப் பற்றி மிஞ்சியது ஒரு கல்யாணப் படமும் "நேப்பிள்ஸ் பக்கம்" என்ற பேச்சும்தான். ஆறு மாதத் தேடலில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அன்டெனாட்டி, அதாவது 'முன்னோர்கள்'. இத்தாலியக் கலாசார அமைச்சகத்தின் தளம். காப்பகங்களில் உள்ள பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள், முழுக்க இலவசம்.

இதற்கு முன் வேறொரு தளத்தில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன். யாரோ போட்டு வைத்த வம்சாவளியில் தாத்தாவின் பெயர் அப்படியே இருந்தது, இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தோம், அப்புறம் பார்த்தால் அது அவருடைய பெரியப்பா மகன்! தென் இத்தாலியில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரை வைப்பது வழக்கம், அதனால் அண்ணன் தம்பிகளின் மூத்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே குடும்பப்பெயர். அம்மாவின் பெயரைப் பாருங்கள். அங்கே பெண்கள் ஆவணங்களில் கடைசி வரை பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள், ஆளைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

அன்டெனாட்டியில் பெயர் போட்டுத் தேடலாம், ஆனால் பதிவுகளில் ஒரு பகுதிதான் அதில் வரும். மற்றபடி காப்பகம், ஊர், வருடம் என்று தேர்ந்தெடுத்துப் புரட்ட வேண்டியதுதான். ஊர்ப்பெயர் எங்களுக்குக் கிடைத்தது எல்லிஸ் தீவுப் பயணிகள் பட்டியலில். நியூயார்க்கில் கப்பலில் வந்து குடியேறுபவர்களைச் சோதித்து உள்ளே விட்ட இடம் அது. 1907-க்குப் பிந்தைய பட்டியல்களில் ஊரில் விட்டு வந்த நெருங்கிய உறவினர் யார், எங்கே இருக்கிறார் என்றும் ஒரு கட்டம் உண்டு. அமெரிக்காவில் அவர் ஜேம்ஸ், அதனால் ஜியாகோமோ என்று வெகுநாள் தேடினோம். அவர் வின்சென்சோ! அங்கே போன வின்சென்சோக்கள் பலர் ஜேம்ஸ், ஜிம்மி ஆகியிருக்கிறார்கள். எல்லிஸ் தீவு அதிகாரிதான் பெயரை மாற்றினார் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள், அது சரியில்லை. கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் எழுதி வந்த பட்டியலை வைத்துத்தான் அவர்கள் ஆளைச் சரிபார்த்தார்கள்.

ஊர் சலேர்னோ மாகாணத்தில் இருந்தது. தேதியெல்லாம் எழுத்தில்தான் இருக்கும், அதனால் இத்தாலிய எண்களின் பெயர்களை முதலில் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வருடப் புத்தகத்தின் கடைசியில் பெயர் அகரவரிசை இருக்கும், நேராக அங்கே போங்கள். 1889-ஆம் வருடப் பதிவில் தாத்தா கிடைத்தார். அப்பா விவசாயக் கூலி, குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார். எழுதத் தெரியாது என்று ஒரு வரி. கீழே அதிகாரியின் கையெழுத்து மட்டும். என் கணவர் அந்த ஒரு வரியைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையான புதையல் திருமண இணைப்புக் கட்டுகள், அதாவது கல்யாணப் பதிவோடு சேர்த்து வைத்த ஆவணங்கள். 1865 வரைக்குமான கட்டுகளை 'புரோசெஸ்ஸெத்தி' என்பார்கள். மணமக்களின் பிறப்பு நகல், பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்பு நகல், மணமகனின் அப்பா இல்லாவிட்டால் தாத்தாவின் இறப்பு நகலும்கூட. 1858-இல் நடந்த ஒரே ஒரு கல்யாணக் கட்டு எங்களை 1700-களுக்குக் கூட்டிப் போய்விட்டது.

எல்லா மாகாணமும் இன்னும் தளத்தில் ஏறவில்லை, உங்கள் ஊர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். நேப்பிள்ஸ் பக்கத்து ஊர்களில் அரசுப் பதிவு தொடங்கியதே 1809-இல்தான், அதற்கு முன்னால் எல்லாம் தேவாலயப் பதிவேடு. ஊர்ப் பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.