டெல்லி ரயிலில் மூன்று வேளைச் சாப்பாடு: பேன்ட்ரி காரா, இ-கேட்டரிங்கா?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்குச் சென்னை சென்ட்ரலை விட்டுக் கிளம்புகிறது. ராத்திரி சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு ஏறிவிடலாம். மூன்றாம் நாள் காலையில் டெல்லி. நடுவில் இருப்பது ஒரு முழுப் பகல். காலை, மதியம், இரவு என மூன்று வேளை. தம்பி குடும்பம் டெல்லியில் இருப்பதால் அப்பாவை அழைத்துக்கொண்டு இந்த வண்டியில் அடிக்கடி போய் வருகிறேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அதனால் மூன்று வேளைக்கும் என்ன ஏற்பாடு என்பது டிக்கெட் எடுக்கும்போதே எங்கள் வீட்டில் பேசி முடிவாக வேண்டிய விஷயம்.

கட்டுச்சோறு, வண்டியோடு வரும் பேன்ட்ரி கார், வழியில் உள்ள ஸ்டேஷனுக்கு வெளி ஓட்டலிலிருந்து வரவழைக்கும் இ-கேட்டரிங் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது பேன்ட்ரி கார் பக்கம் வந்து நின்றிருக்கிறோம். ருசிக்காக இல்லை. ருசியில் இ-கேட்டரிங்தான் மேல்.

கட்டுச்சோற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வேளையான காலை டிபனுக்கு அதற்கு ஈடே கிடையாது. இட்லியை ஆறவைத்து, மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழை இலையில் அடுக்கிக் கட்டினால் மறுநாள் காலையில் பொடி இட்லிக்குள் இறங்கிப் பஞ்சு மாதிரி இருக்கும். சட்னி பக்கமே போகக்கூடாது. புளியோதரை மதியம் வரை தாங்கும். ஆனால் கோடையில் நாக்பூர் வெயிலைத் தாண்டி ராத்திரி வரை எதையும் வைத்துச் சாப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆக, கட்டுச்சோறு ஒரு வேளை, மிஞ்சிப்போனால் இரண்டு வேளை. மீதிக்குத்தான் இந்த அலசல்.

இ-கேட்டரிங்கை ரயில்வேயின் டிக்கெட், கேட்டரிங் நிறுவனமான ஐஆர்சிடிசி 2014ல் தொடங்கியது. டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால் வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எப்போது வரும், அங்கே எந்தெந்த ஓட்டல்கள் கொடுக்கின்றன என்று காட்டும். ஆப்பில் ஆர்டர் செய்யலாம், 1323க்குப் போன் செய்தும் சொல்லலாம். பணத்தை முன்கூட்டியே கட்டலாம், சாப்பாடு கைக்கு வந்த பிறகும் கொடுக்கலாம். 2023ல் சொமாட்டோவும் 2024ல் ஸ்விக்கியும் சேர்ந்த பிறகு பெரிய ஸ்டேஷன்களில் கடைகள் கூடிவிட்டன. ஸ்விக்கி முதலில் தொடங்கிய நான்கு ஸ்டேஷன்களில் நம் பாதையில் உள்ள விஜயவாடாவும் ஒன்று. என்ன, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் விஜயவாடாவைத் தொடும்போது விடிந்தே இருக்காது!

இந்த வண்டிக்கு இ-கேட்டரிங் தோதாக அமைவது இரண்டு இடங்களில். மதியத்துக்கு நாக்பூர், ராத்திரிக்குப் போபால். சீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் அதை விட நல்ல சாப்பாடு ரயிலில் கிடைக்காது. சூடான ஃபுல்கா, தனித்தனி டப்பாவில் பருப்பு, காய். அப்பாவுக்குச் சோற்றைத் தவிர்த்துவிட்டுச் சப்பாத்தி மட்டும் கூடுதலாகச் சொல்ல முடிந்தது. பேன்ட்ரியில் அந்த வசதி கிடையாது. எண்ணெய் குறைவாக, காரம் குறைவாக என்று கேட்கவும் முடிகிறது. விலை அதிகம்தான், ஆனால் கொடுக்கலாம்.

அப்படியிருந்தும் அதை விட்டதற்கு ஒரே காரணம், தாமதம்.

சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி ஒரு மணி, ஒன்றரை மணி பிந்துவது பெரிய விஷயமில்லை. இந்த அளவுக்கு ஓட்டல்காரர்களும் பழகியிருக்கிறார்கள். வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் சமைக்கிறார்கள், முன்னதாகப் போன் செய்தும் கேட்கிறார்கள். சிக்கல் அதற்கு மேல் போகும்போது. ராத்திரி எட்டு மணிவாக்கில் போபால் வரவேண்டிய வண்டி பதினொன்றரைக்கு வந்தால் ஓட்டல் கடையைக் கட்டியிருக்கும். மதியம் நாக்பூர் வரவேண்டிய வண்டி நாலு மணிக்கு வந்தால் சாப்பாடு வரும், ஆனால் பசி அவ்வளவு நேரம் காத்திருக்காது. டிசம்பர், ஜனவரியில் டெல்லியிலிருந்து திரும்பும்போது இன்னும் மோசம். ஆக்ரா, குவாலியர் பக்கமெல்லாம் மூடுபனி. எதிரே சிக்னல் தெரியாமல் வண்டி ஊர்ந்து ஊர்ந்து வரும். எத்தனை மணி தாமதம் என்று வண்டியிலிருப்பவர்களுக்கே தெரியாது.

அப்படி ஒரு குளிர்காலத்தில்தான் எங்களுக்குப் பாடம் கிடைத்தது. மதியச் சாப்பாட்டை ஒரு ஜங்ஷனில் சொல்லியிருந்தோம். வண்டி இரண்டு மணி நேரம் பிந்தியது. ஓட்டலிலிருந்து போன் வந்தது, வண்டி வந்ததும் தருகிறோம் என்றார்கள். அப்புறம் ஸ்டேஷனுக்கு முந்திய அவுட்டரில் வண்டி நின்றுவிட்டது. பத்து நிமிடம், இருபது நிமிடம், நகரவே இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊசிப் பேனாவை மடியில் வைத்துக்கொண்டு, "போட்டுக்கட்டுமாப்பா, வந்துடும்ல?" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஸ்டேஷன் வந்தபோது யாரும் வரவில்லை, ஆர்டர் ரத்து என்று செய்திதான் வந்தது. பணம் சில நாளில் திரும்பிவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். மயக்கம் வரை போகும். ஓடுகிற வண்டியில் அதை யார் சமாளிப்பது? சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இப்போது அதில் நாங்கள் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை.

அன்றைக்கு நான் எழுந்து பேன்ட்ரி கார் வரை நடந்துபோய், கிடைத்த சாப்பாட்டை வாங்கி வந்தேன். சோறு கட்டியாக இருந்தது. பருப்பு தண்ணீர். ஆனால் கால் மணி நேரத்தில் கையில் சாப்பாடு இருந்தது.

பேன்ட்ரி காரின் பலம் இதுதான். வண்டி எங்கே நின்றாலும் அடுப்படி கூடவே நிற்கிறது. பனியோ, வெள்ளமோ, சிக்னல் கோளாறோ, பெட்டிகளைத் தாண்டி நடந்தால் அங்கே வெந்நீராவது, டீயாவது, பிரெட் ஆம்லெட்டாவது கிடைக்கும். வயதானவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரைக்காரர்களோடு போகிறவர்களுக்கு இந்த நிச்சயத்துக்கு மேல் ஒன்றும் முக்கியமில்லை என்பது என் கட்சி.

சரி, பேன்ட்ரியில் ஏமாறாமல் வாங்குவது எப்படி? சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சைவ ஸ்டாண்டர்ட் சாப்பாட்டுக்கு ரயில்வே நிர்ணயித்த விலை 80 ரூபாய். ஸ்டேஷன் ஸ்டாலில் வாங்கினால் 70. இதில் சோறு 150 கிராம், இரண்டு பரோட்டா அல்லது நாலு சப்பாத்தி, பருப்பு அல்லது சாம்பார் 150 கிராம், காய் 100 கிராம், தயிர் 80 கிராம், ஊறுகாய்ப் பொட்டலம் எல்லாம் இருக்கவேண்டும். காலை டிபன் சைவம் 40 ரூபாய். ரயில்வேயின் பாட்டில் தண்ணீரான ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பரிலிருந்து 15லிருந்து 14 ரூபாய்க்கு இறங்கிவிட்டது.

ஆனால் பெட்டிக்குள் வருகிற பையன் பெரும்பாலும் "தாலி, பனீர் தாலி" என்றுதான் கூவிக்கொண்டு வருவார். அது வேறு கணக்கு, விலையும் கூட. நாம் "ஸ்டாண்டர்ட் மீல்" என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். தீர்ந்துவிட்டது என்று பதில் வரலாம். அதனால் காலை பத்து, பதினொரு மணிக்குச் சீட்டு சீட்டாக ஆர்டர் எழுத வருவார்களே, அப்போதே சொல்லிப் பெயரை எழுத வைத்துவிடுவது நல்லது. வாங்கும்போது பில் கேளுங்கள். பில் தராவிட்டால் சாப்பாட்டுக்குப் பணம் தரவேண்டியதில்லை என்பது ரயில்வே தானே அறிவித்த விதி. நிர்ணயித்த விலைக்கு மேல் வாங்கினால் 139க்குப் போன் செய்யலாம், ரயில் மதத் ஆப்பில் பெட்டி எண், பெர்த் எண்ணோடு புகார் போடலாம். கோபப்படாமல் "பில் கொடுங்க, 139ல பதிஞ்சுக்கறேன்" என்று சொன்னாலே பல நேரம் விலை சரியாகிவிடுகிறது. பத்து, இருபது ரூபாய்தானே என்று எல்லோரும் விட்டுவிடுவதால்தான் இது நடக்கிறது. தயவுசெய்து விடாதீர்கள்.

பேன்ட்ரிக்கு எதிராக நியாயமான ஒரு வாதமும் உண்டு. 2017 கேட்டரிங் கொள்கைக்குப் பிறகு சமையலையும் பரிமாறுவதையும் பிரித்துவிட்டார்கள். வழியில் உள்ள பேஸ் கிச்சன் என்கிற பெரிய சமையல்கூடத்தில் சமைத்து வண்டியில் ஏற்றுவதுதான் திட்டம். அங்கே சமைத்தது நம் கைக்கு வரும்போது சில மணி நேரம் ஆகியிருக்கலாம். அலுமினிய மூடியைப் பிரித்தால் உள்பக்கம் நீர் கோத்து சோற்றில் சொட்டுவது இதனால்தான். டப்பாவின் மேல் க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்து எந்தக் கிச்சன், எப்போது பேக் செய்தது என்று பாருங்கள். தயிரை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவது இன்னும் சுலபமான சோதனை.

அசைவத்தைப் பற்றி நான் பேச முடியாது, ரயிலில் நாங்கள் தொடுவதில்லை. முட்டைச் சாப்பாடு 90, சிக்கன் சாப்பாடு 130 என்று விலைப்பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். ராஜதானி, வந்தே பாரத் வண்டிகளில் டிக்கெட்டோடு சேர்த்தே சாப்பாட்டுக்குப் பணம் கட்டலாம், வேண்டாம் என்றும் விடலாம். அவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. நான் சொல்வதை அந்த வண்டிகளுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து போகிறீர்கள், ஒரு வேளை தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்றால் தாராளமாக இ-கேட்டரிங் சொல்லுங்கள். பெரிய ஸ்டேஷனாக, சில நிமிடமாவது வண்டி நிற்கிற இடமாகப் பாருங்கள். வண்டி நேரத்துக்கு ஓடுகிறதா என்று காலையில் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் முன்னால் ஆர்டர் போட்டால் போதும். சாப்பாடு வந்த பிறகு பணம் கொடுக்கும் வழியே நல்லது. நாங்களும் வண்டி சரியாக ஓடுகிற நாளில், அப்பா மதியம் பேன்ட்ரியில் சாப்பிட்டு முடித்த பிறகு, ராத்திரிக்கு எனக்கு மட்டும் போபாலில் சொல்லிக்கொள்வதுண்டு.

டிக்கெட் எடுக்கும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா நெடுந்தூர வண்டியிலும் பேன்ட்ரி கார் கிடையாது. சிலவற்றில் ஆட்கள் வழி ஸ்டேஷன்களில் ஏற்றி வந்து விற்பதோடு சரி. பெட்டிகளின் வரிசையில் 'பிசி' என்று போட்டிருந்தால் பேன்ட்ரி உண்டு என்று அர்த்தம். அப்படி இருக்கிற வண்டியில், வயதானவர்களுக்கு அதற்கு இரண்டு, மூன்று பெட்டி தள்ளி இடம் கிடைத்தால் வெந்நீருக்கு நடப்பதும் சுலபம்.