டாப் மாடலில் வரும் மேப், சட்டைப்பையில் இருக்கும் மேப்

கார் ஷோரூமில் நடு வேரியன்டுக்கும் டாப் வேரியன்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சன்ரூஃபுக்கு அடுத்தபடியாக 'இன்பில்ட் நேவிகேஷன் இருக்கு சார்' என்பார்கள். அந்த ஒன்றை மட்டும் கழித்துவிட்டு விலையை யோசியுங்கள் என்பதுதான் என் கட்சி. மின்சாரக் கார் வாங்குபவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

போட்டியில் இருப்பவை மூன்று. காரோடு வரும் மேப். ஹோல்டரில் மாட்டிய போன். போனில் ஓடும் மேப்பையே காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வகையறா. இந்த மூன்றாவது வகை 2014, 2015இல் வந்தது. முதல் வகைக்குத் தலைவலி தொடங்கியதும் அப்போதுதான்.

எரிச்சலின் பெரும்பகுதி வண்டி நகர்வதற்கு முன்பே, இடத்தைத் தேடும்போதே வந்துவிடுகிறது. இன்று கல்யாணப் பத்திரிகையே வாட்ஸ்அப்பில் வருகிறது. மண்டபத்துக்கு வழி லொகேஷனாகவோ க்யூஆர் கோடாகவோ கூடவே வருகிறது. போனில் ஒரு தட்டு தட்டினால் போதும். அதே லொகேஷனை காரின் மேப்புக்குள் கொண்டுபோவது பெரும்பாடு. சில கம்பெனிகளின் ஆப்பில் 'காருக்கு அனுப்பு' என்று ஒரு வசதி இருக்கிறது. அந்த ஆப்பைத் திறந்து, இடத்தை மறுபடி தேடி, அது காருக்குப் போய்ச் சேருவதற்குள் பின்சீட்டில் இருப்பவர் தன் போனிலேயே மேப்பைப் போட்டு நீட்டிவிடுவார்.

சரி, கையால் அடித்துத் தேடலாம் என்றால், பழைய இன்பில்ட் மேப்புகள் மாநிலம், ஊர், தெரு, வீட்டு எண் என்று வரிசையாகக் கேட்கும். ஜெர்மனியில் அது சரிப்படும். சென்னையில் ஒரு வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, போதாததற்கு 'பிள்ளையார் கோவில் எதிர்ச் சந்து' என்ற குறிப்பும் உண்டு. எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை. சோழிங்கநல்லூரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது 'எஸ்'ஸில் தொடங்குவதா, 'சி'யில் தொடங்குவதா? போனில் எப்படி அடித்தாலும், ஏன், தமிழிலேயே சொன்னாலும் புரிந்துகொள்கிறது. கார் மேப்பில் ஓர் எழுத்து மாறினால் 'முடிவுகள் இல்லை'. வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் பல கார்களில் கீபோர்டே பூட்டிக்கொள்ளும். டிரைவரின் பாதுகாப்புக்காக என்றால் ஏற்றுக்கொள்ளலாம். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரையும் ஏன் அடிக்கவிடாமல் செய்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

அடுத்தது மேப்பின் வயது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கி, மேப்பைப் புதுப்பிக்காமல் விட்ட காரில் அப்படி ஓர் இடமே இருக்காது. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலையிலும் ஓஎம்ஆரிலும் அடிக்கடி மாறும் போக்குவரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மேப் தயாரிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் விற்கும் பல கார்களின் இன்பில்ட் மேப், 1995இல் தொடங்கிய மேப்மைஇந்தியா கம்பெனியுடையது. அதே கம்பெனியின் மேப்பிள்ஸ் ஆப் போனில் இலவசமாகக் கிடைக்கிறது. 2025 அக்டோபரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அதைப் பரிந்துரைத்து வீடியோ போட்ட பிறகு பலர் இறக்கிப் பார்த்தார்கள். வேகத்தடை வருகிறது என்று சொல்கிறது, மேம்பாலச் சந்திப்பில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று படமாகவே காட்டுகிறது. ஒரே கம்பெனியின் மேப்தான். போனில் புதிதாக இருப்பது காருக்குள் போனதும் ஏன் பழசாகிவிடுகிறது?

காரைத் தயாரிக்கும் முறைதான் காரணம். ஒரு மாடல் சந்தைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் திரையையும் சிப்பையும் முடிவு செய்துவிடுகிறார்கள். அதை வாங்குபவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓட்டுகிறார். அதற்குள் போனை மூன்று முறையாவது மாற்றியிருப்பார். காரின் திரை மாறாது. மேப்பைப் புதுப்பிக்க சர்வீஸ் சென்டருக்குப் போ, யுஎஸ்பியில் ஏற்று என்ற காலம் போய் இப்போது காருக்குள்ளேயே சிம் வைக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகள்தான் இலவசம், அப்புறம் சந்தா. சந்தா கட்டினாலும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் 2022இல் 3ஜி சேவையை மூடியபோது, அதை நம்பியிருந்த பல கார்களின் இணைய வசதிகள் அத்தோடு நின்றுபோயின. கார் என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு திட்டினாலும், கார் மேப் ஒரு விஷயத்தில் போனை அடித்துவிடும். தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். 1981இல் ஹோண்டா கொண்டுவந்த எலக்ட்ரோ ஜைரோகேட்டர் என்ற கார் வழிகாட்டிக் கருவியில் செயற்கைக்கோள் தொடர்பே கிடையாது. ஜைராஸ்கோப்பில் திருப்பத்தையும் சக்கரத்தின் சுழற்சியில் தூரத்தையும் கணக்கிட்டே இடத்தைக் காட்டியது. அந்த உத்தி இன்றும் பல இன்பில்ட் மேப்புகளில், செயற்கைக்கோளுக்குத் துணையாக இருக்கிறது. மணாலிக்கு அப்பால் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதைக்குள் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காது. போன் உத்தேசமாக நகர்த்திக்கொண்டு போகும், கார் எண்ணிக்கொண்டு போகும். மால்களின் நிலத்தடி பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்ததும் இடமா வலமா என்று போன் முழிக்கும்போதும் இதே கதைதான்.

மே மாத வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிய போன் சூடாகித் திரையை மங்கலாக்கிக்கொள்ளும். சரியாகத் திருப்பத்தில் அழைப்பு வந்து மேப்பை மறைக்கும். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டாலே அபராதமா என்று சிலர் கேட்கிறார்கள். 2020 அக்டோபரில் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள், கவனம் சிதறாத அளவில் வழி பார்க்க மட்டும் போனை அனுமதிக்கின்றன.

போனின் இன்னொரு குணம் பேராசை. இரண்டு நிமிடம் மிச்சம் என்று தேசிய நெடுஞ்சாலையிலிருந்து இறக்கி, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லாத ஊர்ச் சந்துக்குள் விட்டுவிடும். கூகுள் இதை உணர்ந்து 2024இல் சென்னை, கோயம்புத்தூர் உட்பட 8 நகரங்களில் குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மேம்பாலத்தில் ஏறு என்று சொல்லவும் தொடங்கியது. கத்திப்பாராவில் தவறி ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி போயிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து 3 பேர் இறந்தார்கள். மேப் காட்டிய வழியில் வந்தவர்கள் என்று செய்திகள் சொல்லின. இன்பில்ட் மேப் என்றால் காப்பாற்றியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. இடிந்த பாலத்தை அதற்கு யார் சொல்வார்கள்?

ஆக, பெட்ரோல், டீசல் காருக்கு என் தேர்வு மூன்றாவது வகை. தேடுவது போன், காட்டுவது காரின் பெரிய திரை. பல கார்கள் தங்கள் ஜிபிஎஸ் தகவலையும் போனுக்குக் கொடுத்துவிடுகின்றன. தொல்லை இல்லாமல் இல்லை. மட்டமான கேபிள் என்றால் மேடு பள்ளத்தில் இணைப்பு அறுந்துபோகும், வயர்லெஸ் என்றால் பேட்டரி இறங்கும். இருந்தாலும் நல்ல கேபிள் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மலைப்பக்கம் போவதானால் வீட்டிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கிவையுங்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

இனி மின்சாரக் கார். பேட்டரியில் எவ்வளவு மிச்சம், ஏசி எவ்வளவு இழுக்கிறது, எந்த ஊரில் சார்ஜ் போட வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் காரின் மேப்பால்தான் ஒழுங்காகக் கணக்கிட முடியும். டெஸ்லா, சார்ஜருக்கு வழி போட்டதுமே பேட்டரியைப் பக்குவமான வெப்பத்துக்குக் கொண்டுவரத் தொடங்கிவிடும். அந்தக் கம்பெனி கார்பிளே இல்லாமலே இத்தனை ஆண்டு விற்றது. ஜெனரல் மோட்டார்ஸும் தன் புதிய மின்சாரக் கார்களில் கார்பிளேவும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது என்று 2023இல் அறிவித்தது. சந்தா வருமானமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் சார்ஜர்களை ஆளுக்கொரு கம்பெனி நடத்துகிறது, ஆளுக்கோர் ஆப். கார் காட்டும் சார்ஜர் வேலை செய்கிறதா, வரிசை இருக்கிறதா என்று கிளம்பும் முன் அந்தந்த ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.