ஃபோலிக் ஆசிட்: சாப்பாடு போதுமா, மாத்திரை வேண்டுமா?

"தினமும் கீரை சாப்பிடுகிறேனே, அப்புறம் எதற்கு மாத்திரை?" குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆரோக்கியமாக இருக்கும் ஆண்கள், பிள்ளைப்பேறு வயதைக் கடந்த பெண்கள் என்றால் நான் சாப்பாட்டின் பக்கம் நிற்பேன். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண் என்றால், அவர் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் மாத்திரையும் கட்டாயம் வேண்டும் என்பேன்.

முதலில், உணவில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருள் இல்லை. உணவில் இயற்கையாக இருப்பது ஃபோலேட், அதாவது பி9 வைட்டமின். ஃபோலிக் ஆசிட் என்பது அதன் செயற்கை வடிவம். உணவு ஃபோலேட்டில் குளூட்டமேட் என்ற மூலக்கூறுகள் சங்கிலியாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை குடல் அவற்றைக் கழற்றிய பிறகுதான் சத்து உள்ளே போகும். ஃபோலிக் ஆசிட்டில் இருப்பதே ஒன்றுதான், கழற்றும் வேலை கிடையாது. அதனால் கணக்குப் போடும்போதும் இரண்டுக்கும் ஒரே மதிப்புத் தருவதில்லை. உணவிலுள்ள 1 மைக்ரோகிராம் ஃபோலேட்டுக்கு ஈடாக, சாப்பாட்டோடு எடுக்கும் ஃபோலிக் ஆசிட் 0.6 மைக்ரோகிராம் போதும். வெறும் வயிற்றில் எடுத்தால் 0.5 போதும். 400 மைக்ரோகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவது, உணவிலிருந்து 800 மைக்ரோகிராம் பெறுவதற்குச் சமம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? உணவு ஃபோலேட் கணக்கில், பெரியவர்களுக்கு 400 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 600, பாலூட்டும் தாய்மார்களுக்கு 500 என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து பரிந்துரைத்திருக்கின்றன.

சாப்பாட்டிலிருந்து மட்டும் 400 எடுக்க முடியுமா? தாராளமாக முடியும். ஃபோலேட் என்றதும் எல்லோருக்கும் கீரைதான் நினைவுக்கு வரும், ஆனால் உண்மையில் அள்ளித் தருபவை பருப்பும் பயறும்தான். வேகவைத்த மசூர் பருப்பு ஒரு கப்பில் சுமார் 350 மைக்ரோகிராம், கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 280. வேகவைத்த பசலைக்கீரை அரை கப்பில் சுமார் 130. பழமும் முட்டையும் இந்த வரிசையில் பின்தங்கியவை: ஒரு சிறிய ஆரஞ்சில் 30, ஒரு வாழைப்பழத்தில் 24, ஒரு முட்டையில் 22 என்ற அளவில்தான் இருக்கும். ஈரலில் நிறைய உண்டு. ஆனால் அதில் வைட்டமின் ஏ-வும் மிக அதிகம் என்பதால் கர்ப்பகாலத்தில் தவிர்க்கச் சொல்வார்கள். ஆக ஒரு வேளை பருப்பு, ஒரு வேளை கீரை, இடையில் ஒரு பழம் என்று சாப்பிடுபவருக்கு 400 பெரிய விஷயமில்லை. கூடவே நார்ச்சத்து, புரதம், இரும்புச்சத்து எல்லாம் கிடைக்கும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஒன்றால் இதைத் தர முடியாது.

சிக்கல் அடுப்பில் ஆரம்பிக்கிறது. ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையையும் ப்ராக்கலியையும் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் பாதிக்கு மேல் போய்விடலாம். ஆவியில் வேகவைத்தால் இழப்பு மிகக் குறைவு. பருப்பு வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்துக்கொண்டால் கரைந்தது வயிற்றுக்கே வந்துவிடும். இப்படிக் கவனமாகச் சமைத்தாலும், தட்டில் இருக்கும் அளவில் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பது உறுதியில்லை.

இதை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. வட அயர்லாந்து ஆய்வாளர்கள் 1996-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. பெண்களைக் குழுக்களாகப் பிரித்து, மூன்று மாதம் ஒரு குழுவுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை, இன்னொரு குழுவுக்கு ஃபோலிக் ஆசிட் சேர்த்த உணவுகள், மற்றொரு குழுவுக்கு இயற்கையாகவே ஃபோலேட் நிறைந்த உணவுகள் என்று கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் தினமும் கூடுதலாக 400 மைக்ரோகிராம் சேர வேண்டும் என்பது இலக்கு. மாத்திரையும் சத்து சேர்த்த உணவும் எடுத்தவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்களில் ஃபோலேட் நன்றாக ஏறியது. இயற்கை உணவை மட்டும் கூட்டிக்கொண்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் "கீரையைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான்.

அடுத்தது காலக்கணக்கு. என் பார்வையில் இந்த ஒப்பீட்டை முடிவு செய்வதே இதுதான். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளவு வரும், அல்லது மூளை வளராமலே போகும். மாதவிடாய் தள்ளிப்போய்ப் பரிசோதனை செய்யும்போதே கருவுக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கும். மீதி இரண்டே வாரம்தான். சிவப்பணுவோ 120 நாள் வாழ்வது. அது உருவாகும்போதுதான் ஃபோலேட் அதற்குள் சேரும், அதனால் அந்த அளவு மெதுவாகத்தான் ஏறும். "உறுதியானதும் ஆரம்பிக்கலாம்" என்பது தாமதம். குறைந்தது ஒரு மாதம் முன்பே, முடிந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கி, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம்வரை தொடர வேண்டும்.

மாத்திரையின் பலன் வெறும் நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே நரம்புக் குழாய்க் குறைபாடுள்ள கர்ப்பத்தைச் சந்தித்த பெண்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 1991-இல் வந்தது. தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட், அந்தக் குறைபாடு மறுபடி வருவதை 72 சதவீதம் தடுத்தது.

மூன்றாவது வழி, மாவிலேயே ஃபோலிக் ஆசிட் சேர்ப்பது. அமெரிக்காவில் 1998 முதல் செறிவூட்டிய தானிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் சேர்ப்பது கட்டாயம். அங்கே இந்தக் குறைபாடுகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன. உலகில் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி திட்டமிடாமல் வருபவை. அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே மாத்திரையைக் கொண்டுசேர்க்க வழியில்லை, மாவு போய்ச் சேரும். பொதுச் சுகாதாரத்துக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் தனி ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது அவர் எவ்வளவு மாவு சாப்பிடுகிறார் என்பதைப் பொறுத்தது. திட்டமிடும் பெண் இதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

இப்போது மெத்தில்ஃபோலேட் மாத்திரைகளுக்கும் நிறைய விளம்பரம். உடல் நேரடியாகப் பயன்படுத்தும் ஃபோலேட் வடிவம் அது. உடல் ஃபோலேட்டைக் கையாள உதவும் எம்டிஹெச்எஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்குச் சாதாரண ஃபோலிக் ஆசிட் வேலை செய்யாது என்ற பேச்சும் கூடவே வருகிறது. அது சரியில்லை. அந்த மாற்றம் உள்ளவர்களின் உடலும் ஃபோலிக் ஆசிட்டைப் பயன்படுத்திக்கொள்ளும், ரத்த அளவு கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். நரம்புக் குழாய்க் குறைபாட்டைத் தடுப்பதாகச் சோதனைகளில் நிரூபிக்கப்பட்டது ஃபோலிக் ஆசிட் மட்டுமே. திட்டமிடும் பெண் விலை கூடிய மாத்திரையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மாத்திரைக்கும் ஒரு எல்லை உண்டு. உணவு ஃபோலேட்டுக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. ஃபோலிக் ஆசிட்டுக்குப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறார்கள். காரணம் பி12. பி12 குறைவாக உள்ளவர் அதிக அளவு ஃபோலிக் ஆசிட் எடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தோன்றும். உள்ளே நரம்புப் பாதிப்பு மட்டும் சத்தமில்லாமல் வளரும். வயதானவர்களும், பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாதவர்களும் பி12-ஐப் பார்க்காமல் அதிக டோஸுக்குப் போகக்கூடாது.

அட்டையை வாங்கியதும் பார்க்க வேண்டியது அலகு. 0.4 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது 400 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் என்றால் 5,000 மைக்ரோகிராம், பன்னிரண்டு மடங்குக்கும் மேல். பெட்டியில் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் மாற்றி எடுத்துவிடுவது சுலபம். 5 மில்லிகிராம் மாத்திரை, முன்பு இந்தக் குறைபாடு வந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் போன்றவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது. வலிப்பு மருந்தோ, மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தோ எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், மருந்தையே மாற்றவேண்டி வரலாம். அதிக டோஸ் வேண்டும் என்று மல்டிவைட்டமின் மாத்திரைகளைப் பத்து பத்தாக விழுங்கக்கூடாது. ஃபோலிக் ஆசிட்டோடு வைட்டமின் ஏ-வும் பத்து மடங்கு ஏறும், அது கருவைப் பாதிக்கும்.