மருந்தாகும் உலோக அயனி: அடுக்குகளுக்கு இடையிலா, அடுக்கிலேயா?

எலும்புத் தேய்வுக்கான ஸ்ட்ரோன்ஷியம் ரேனலேட் 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. நாளொன்றுக்கு 2 கிராம் தூளை நீரில் கலந்து குடிக்க வேண்டும். இதயத்துக்கு ஆபத்து இருப்பது தெரியவந்ததால் 2014-இல் அதன் பயன்பாடு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பிறகு அதை உருவாக்கிய நிறுவனம் விற்பனையையும் நிறுத்தியது. எலும்புக்கு மட்டும் வேண்டிய உலோகத்தை உடல் முழுவதும் சுற்றவிட்டது அந்த வழியின் பலவீனம். அதே ஸ்ட்ரோன்ஷியத்தை முறிந்த எலும்பின் ஓரத்திலேயே வைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடலாம் என்ற எண்ணத்தில்தான் களிமண், இரட்டை ஹைட்ராக்சைடு, டைட்டனேட் போன்ற அடுக்குக் கனிமப் பொருள்கள் மருத்துவ ஆய்வுக்குள் வந்தன. துத்தநாகம், தாமிரம், வெள்ளி, மக்னீசியம், லித்தியம் ஆகியவற்றுக்கும் இதே வழி பேசப்படுகிறது.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை நாள் வெளியிடுகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, உலோகம் எங்கே இருக்கிறது என்பதே. சில பொருள்களில் அது இரண்டு அடுக்குகளுக்கு நடுவே குடியிருக்கிறது. வேறு சிலவற்றில் அடுக்கே அந்த உலோகத்தால் ஆனது. குடியிருப்பவர் வெளியேற வேறொருவர் உள்ளே வந்தால் போதும். சுவரின் செங்கல் வெளியே வர வேண்டுமானால் சுவரே கரைய வேண்டும். மற்ற வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

முதல் வகைக்கு மாண்ட்மொரிலோனைட் களிமண் நல்ல எடுத்துக்காட்டு. அதன் அடுக்குகள் எதிர்மின்சுமை கொண்டவை. அதை ஈடுகட்டச் சோடியமோ கால்சியமோ இடையில் நிற்கிறது. களிமண்ணைத் துத்தநாகக் குளோரைடுக் கரைசலில் இரவு முழுவதும் கலக்கி, மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை வடித்து, மறுபடி நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வடித்த நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்டை விட்டால் முதல் இரண்டு மூன்று கழுவல்களில் பால்போல் வெண்கலங்கல் எழும். அது எழாமல் நீர் தெளிவாகவே நிற்கும்போதுதான் மிச்சக் குளோரைடு போய்விட்டது என்று பொருள். இந்தக் கழுவலை அவசரமாக முடித்தால், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் உப்பு முதல் மணி நேரத்திலேயே கரைந்து வந்து, களிமண் தானே ஒரேயடியாக வெளியிட்டதுபோல் காட்டும்.

களிமண்ணின் குறை அதன் கொள்ளளவு. 100 கிராம் மாண்ட்மொரிலோனைட்டின் பரிமாற்றத் திறன் ஏறத்தாழ 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளை அவற்றின் மின்சுமையோடு சேர்த்து எண்ணும் அலகு). துத்தநாகம் இரட்டை மின்சுமை கொண்டதால், 100 என்று வைத்துக்கொண்டாலும் 100 கிராமுக்கு 3.3 கிராம்தான் ஏறும். எஞ்சிய எடை முழுவதும் வெறும் சிலிக்கேட். அது உடலில் எளிதில் கரைந்து மறையாது. மேலிருந்து பூசி எடுத்துவிடும் காயக்கட்டில் இது பொருட்டல்ல. எலும்புக்குள் வைப்பதென்றால் தங்கிவிடும் களிமண் துகள்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நன்மை என்னவென்றால், இரத்த நீர்மத்தில் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் சோடியம் எப்போதும் இருப்பதால், சூழல் அமிலமா காரமா என்று பெரிதாகப் பார்க்காமல் பரிமாற்றம் நடக்கிறது.

லேப்போனைட் இந்தக் குடும்பத்திலேயே சற்று விலகி நிற்பது. இது செயற்கைக் களிமண். ஒவ்வொரு தட்டும் ஏறத்தாழ 25 நானோமீட்டர் விட்டமும் 1 நானோமீட்டர் தடிப்பும் கொண்டது. நீரில் தூவிக் கலக்கினால் முதலில் மங்கலாகி, பிறகு கண்ணாடிபோல் தெளிந்து, நிறுத்தியதும் கெட்டியாகிறது. குலுக்கினால் மறுபடி ஓடுகிறது. ஊசியால் செலுத்தக்கூடிய கூழ்மமாக இதை விரும்புவது அதனால்தான். இதன் தட்டுக்குள்ளேயே மக்னீசியமும் சிறிதளவு லித்தியமும் இருப்பதால், இது குடியிருப்பவரையும் தரும், மெல்லக் கரையும்போது செங்கல்லையும் தரும்.

இரண்டாம் வகையில் முதன்மையானவை அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடுகள். இவற்றில் மின்சுமை தலைகீழ்: அடுக்கு நேர்மின்சுமை கொண்டது, இடையில் கார்பனேட், குளோரைடு போன்ற எதிர் அயனிகள் நிற்கின்றன. இதன் மூத்த உறுப்பினரான ஹைட்ரோடால்சைட் வயிற்றெரிச்சலுக்கான அமிலமுறிப்பானாக ஏற்கெனவே விற்பனையில் இருப்பதால், மனித உடலுக்கு இது அந்நியமான பொருள் அல்ல. மருந்து மூலக்கூறுகளை இடையில் ஏற்றி அனுப்புவதற்காகவே இதைப் பற்றி அதிகம் எழுதப்படுகிறது. உலோகம் வேண்டுமானாலோ அடுக்கையே கரைக்க வேண்டும். துத்தநாகமும் அலுமினியமும் இரண்டுக்கு ஒன்றாகச் சேர்ந்த குளோரைடு வகையில், எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு துத்தநாகமே. களிமண்ணின் 3 விழுக்காட்டோடு இதை வைத்துப் பார்த்தால் ஏன் ஆசை வருகிறது என்பது புரியும்.

ஆனால் எல்லா உலோகமும் இந்தச் சுவரில் செங்கல்லாகப் பொருந்தாது. மக்னீசியத்தின் அயனி ஆரம் 0.72 ஆங்ஸ்ட்ராம், துத்தநாகம் 0.74, தாமிரம் 0.73, இவை ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காரும். ஸ்ட்ரோன்ஷியத்தின் ஆரம் 1.18. அதை வலுக்கட்டாயமாகச் சேர்த்தால், அடுக்குக்குள் போகாமல் ஸ்ட்ரோன்ஷியம் கார்பனேட்டாகப் பக்கத்தில் படிந்துவிடும் வாய்ப்பு மிகுதி. எந்தப் படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் அந்தக் கார்பனேட்டின் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல், கரைசலில் வந்த ஸ்ட்ரோன்ஷியத்தை மட்டும் அளந்து, ஹைட்ராக்சைடு வெளியிட்டது என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒற்றை மின்சுமை கொண்ட வெள்ளிக்கும் இங்கே இடமில்லை. லித்தியம் மட்டும் அழகான விதிவிலக்கு: அலுமினிய ஹைட்ராக்சைடு அடுக்கில் இயல்பாகவே உள்ள காலிக் குழிகளில் அது அமர்ந்துகொள்கிறது, அடுக்கு முழுதாகக் கரையாமலே வெளியேறவும் செய்கிறது.

மறுபக்கம் அலுமினியம். 1970-களில் இரத்தச் சுத்திகரிப்புக்கு உள்ளான சிறுநீரக நோயாளிகளிடம், நீரில் இருந்த அலுமினியம் எலும்பில் சேர்ந்து எலும்பு மென்மையாகும் நோயை உண்டாக்கியது. எலும்புக்கு மக்னீசியம் தருவதற்காக அதே எலும்பில் அலுமினியத்தை இறக்கிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அலுமினியத்துக்குப் பதில் இரும்பைச் சேர்த்த மக்னீசிய ஹைட்ராக்சைடு கிடைக்கும்போது, எலும்புப் பணிக்கு அதையே தேர்வேன். இரண்டாம் உலோகமே இல்லாத அடுக்குத் துத்தநாக ஹைட்ராக்சைடு உப்பும் இருக்கிறது. அதன் குளோரைடு வகையில் துத்தநாகம் எடையில் 59 விழுக்காடு. இவ்வளவு செறிவு வரமும் ஆகும், வினையும் ஆகும்: சூழல் சற்றே புளித்தாலும் வேகமாகக் கரைந்து, காப்பாற்ற வேண்டிய செல்களையே கொன்றுவிடக் கூடியது.

இந்தப் புளிப்புதான் தேர்வை முடிவு செய்கிறது. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல் தன் அடியில் உண்டாக்கும் குழியில் பி.எச். ஏறத்தாழ 4.5, அங்கே ஹைட்ராக்சைடு அடுக்கு தேவைப்பட்ட இடத்திலேயே கரையும். ஆறாத நாட்பட்ட புண்ணோ பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்திருக்கும், பி.எச். 8-ஐத் தாண்டுவதும் உண்டு. அமிலத்துக்குக் காத்திருக்கும் ஹைட்ராக்சைடை அங்கே பூசிவிட்டு, காயச்சூழல் அமிலமானது, எனவே துத்தநாகம் வெளிவரும் என்று ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையில் எழுதுவது புண்ணைப் பார்க்காமல் எழுதுவதே. அங்கே சோடியத்தை நம்பும் களிமண்தான் பொருத்தம்.

ஸ்ட்ரோன்ஷியத்துக்கு எங்கே போவது? களிமண்ணைப் போலவே இடையில் அயனியை ஏற்கும் இன்னொரு அடுக்குப் பொருளான சிர்க்கோனியம் பாஸ்பேட்டின் பரிமாற்றத் திறன் கிராமுக்கு 6.6 மில்லி ஈக்விவலன்ட், களிமண்ணைப் போல ஆறேழு மடங்கு. ஆனால் அடுக்குகளின் இடைவெளி 7.6 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. நீர் சூழ்ந்த பெரிய அயனிகள் உள்ளே நுழையவே தயங்கும்.

டைட்டனேட் வழி எனக்கு இன்னும் நேர்மையானதாகத் தெரிகிறது. ஜப்பானின் கியோட்டோவில் கொகுபோ குழுவினர் 1990-களில் காட்டிய முறையில், டைட்டானியம் உலோகத்தை 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 60 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் ஊறவைத்தால், மேற்பரப்பில் வலைபோன்ற நுண்துளைகளுடன் அடுக்குச் சோடியம் டைட்டனேட் வளர்கிறது. அந்தச் சோடியத்தைக் கால்சியம், ஸ்ட்ரோன்ஷியம், மக்னீசியம், வெள்ளி என்று வேண்டியதற்கு மாற்றலாம். தனியாகத் தூள் இல்லை, பசை இல்லை. எலும்பைத் தொடும் செயற்கை மூட்டின் தோலே கிடங்காகிறது. அந்தத் தோல் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் தடிப்புதான் என்பதால், சதுர சென்டிமீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் உலோகம் கிடைக்கும். மூட்டின் ஓரத்துக்கு அது போதலாம். பெரிய எலும்பு இடைவெளியை நிரப்பப் போதாது.

கடைசியாக, எந்த நீரில் சோதித்தார்கள் என்பதையும் பார்க்காமல் இரண்டு பொருள்களை ஒப்பிடவே முடியாது. காய்ச்சி வடித்த நீரில் களிமண் அநேகமாக எதையும் விடாது. பதிலுக்கு உள்ளே வர யாரும் இல்லை. பி.எச். மாறாமல் காக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் வெளிவந்த துத்தநாகம் உடனே துத்தநாகப் பாஸ்பேட்டாகப் படிந்துவிடுவதால், அளவு குறைந்து, மெதுவான வெளியீடு என்று பெயர் வாங்கிவிடும். குளோரைடு உள்ள நீரில் வெள்ளிக்கும் இதே கதி. செயற்கை உடல் நீர்மத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 4.2 மில்லிமோல், உண்மையான இரத்த நீர்மத்தில் 27. கார்பனேட்டை விரும்பி உள்ளிழுத்து உறுதிப்படும் இரட்டை ஹைட்ராக்சைடுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. மூடிய குழாயில் நீரை மாற்றாமல் அளந்தால், மூன்றாம் நாளில் வெளியீட்டு வரைபடத்தின் வளைவு தட்டையாவது பொருள் தீர்ந்ததாலா, நீர் நிறைவடைந்ததாலா என்று சொல்ல இயலாது. ஒரே தூளை இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் தினமும் நீரை மாற்றிப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு ஒரு வாரத்தில் விடை கிடைக்கும்.