‘பேங்க் இங்கிலீஷ்’ ஆப்: 499 ரூபாய் கொடுக்கலாமா?

ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆப் ஒன்றில் பேங்க், பணம் சம்பந்தமான வார்த்தைகளுக்கென்று தனியாக ஒரு பாடத்தொகுப்பு விற்கிறார்கள், மூன்று மாதத்துக்கு 499 ரூபாய். ஆப்பின் பெயர் வேண்டாம், இதே சரக்கைத்தான் வேறு வேறு அட்டை போட்டுப் பலரும் விற்கிறார்கள். வாங்கியது எனக்கில்லை, அண்ணிக்கு. அவர் ஊரில் மகளிர் குழுப் பொருளாளர். மாதாமாதம் பேங்குக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, கவுன்ட்டரில் இருப்பவர் இந்தியும் இங்கிலீஷுமாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்து, குழுவில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியது அவர் பொறுப்பு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சரிப்புப் பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, நாம் பேசியதைப் பதிவு செய்து அவர்கள் குரலோடு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறது. அதைவிட நல்லது ‘லென்ட்’ (கடன் கொடுப்பது), ‘பாரோ’ (கடன் வாங்குவது) பாடம். ‘கேன் யூ பாரோ மீ ஃபைவ் ஹன்ட்ரட்’ என்று கேட்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை இலக்கணம் என்று ஆரம்பித்து அறுக்காமல், கடன் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு பேர் பேசுவதாக வைத்து, ஆளை மாற்றி மாற்றி நம்மையே பேச வைக்கிறார்கள். அண்ணிக்கு அது அப்படியே பிடிபட்டுவிட்டது.

அப்புறம்தான் வண்டி வேறு ஊருக்குத் திரும்புகிறது. அடுத்த பாடம் முழுக்க அமெரிக்கா. செக்கிங் அக்கவுன்ட் (அங்கே அன்றாடச் செலவுக்கு வைத்திருக்கும் கணக்கு), ரவுட்டிங் நம்பர் (அங்கே பேங்கை அடையாளம் காட்டும் எண்), அவர்கள் நாணயங்களில் நிக்கல் என்றால் 5 சென்ட், டைம் என்றால் 10 சென்ட், குவார்ட்டர் என்றால் 25. அண்ணி கேட்டார், “ஏன் தம்பி, இந்த டைமை நான் எந்த பேங்க்ல கொண்டுபோய்க் கட்டுறது?” செக் எழுதச் சொல்லித்தரும் பாடத்தில்கூட ஒரு லட்சத்தை ‘ஒன் ஹன்ட்ரட் தவுசண்ட்’ என்றுதான் எழுதச் சொல்கிறார்கள். செக்கின் இடது மூலையில் இரண்டு கோடு இழுத்து ‘அக்கவுன்ட் பேயீ’ என்று எழுதினால் பணம் கையில் வராது, பெயர் போட்டவரின் கணக்கில்தான் ஏறும் என்பதோ, தேதி போட்டு மூன்று மாதம் தாண்டினால் அது ‘ஸ்டேல்’ செக், செல்லாது என்பதோ எங்கேயும் இல்லை.

கடைசியில் ஆப்பை ஓரமாக வைத்துவிட்டு அண்ணியின் பாஸ்புக்கையே பாடமாக எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு வரியும் ‘டு டிரான்ஸ்ஃபர்’, ‘பை டிரான்ஸ்ஃபர்’ என்று ஆரம்பிக்கிறது. ‘டு’ என்றால் கணக்கிலிருந்து போனது, ‘பை’ என்றால் கணக்குக்கு வந்தது. இந்த இரண்டு குட்டி வார்த்தை தெரிந்ததும் பாதிப் பக்கம் புரிந்துவிட்டது. குழுவின் கடன் கணக்கில் பேலன்ஸ் பக்கத்தில் ‘டி.ஆர்.’ (டெபிட்) என்று அச்சாகியிருக்கும், கையில் இருக்கிற பணம் என்று நினைத்துவிடக் கூடாது, அது கட்ட வேண்டிய பாக்கி. வீட்டில் இருவர் பெயரில் போட்ட பேங்க் டெபாசிட்டின் ரசீதில் ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்று இருந்தது, முதிர்வுத் தேதி வந்ததும் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவருக்கு. ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால் கதையே வேறு, முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டும்தான். படிவத்தில் டிக் அடிக்கும்போது யாரும் இதை விளக்குவதில்லை, பின்னால் குடும்பத்தில் சண்டை வரும்போதுதான் தெரிய வருகிறது.

வட்டிப் பாடம்தான் எனக்கு எரிச்சல். ‘இன்ட்ரஸ்ட் என்றால் வட்டி’, அவ்வளவுதான், முடிந்தது. அது தெரியாதவர் யார்? தெரிய வேண்டியது ‘பிளாட் ரேட்’, ‘ரெட்யூசிங் பேலன்ஸ்’. ஒரு லட்சம், 12 சதவீதம், ஒரு வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட் என்றால் கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி, மாதம் 9,333 ரூபாய், மொத்த வட்டி 12,000. ரெட்யூசிங் என்றால் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், மாதம் சுமார் 8,885, மொத்த வட்டி 6,600 சொச்சம். இரண்டையும் ‘ட்வெல்வ் பர்சென்ட்’ என்றே சொல்லி விற்கிறார்கள். வண்டிக் கடன், பைனான்ஸ் கடன் வாங்குகிறவர்களுக்கு வேறு எதைக் கற்றுத்தராவிட்டாலும் இதைக் கற்றுத்தர வேண்டாமா?

மோசடி பற்றி ஒரு பாடம்கூடக் கிடையாது. பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை, வாங்குவதற்கு யாராவது பின் போடச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும். இதற்குத் தேவையான இங்கிலீஷ் நாலு வரி. அதைக்கூட எழுத மனமில்லை.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். ஆப்பில் முதல் வாரம் ஒரு ரூபாய்தான் என்று காட்டி, அந்த ஒரு ரூபாயைக் கட்டும்போதே ‘ஆட்டோபே மேண்டேட்’டுக்கு ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள். அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 499 ரூபாயை அவர்களே எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி. பேங்க் வார்த்தைகளுக்கென்றே நடக்கிற வகுப்பில் ‘மேண்டேட்’ என்ற வார்த்தை மட்டும் எந்தப் பாடத்திலும் வரவில்லை! பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி, அது வந்ததால் தப்பித்தோம். ஆப்பை அழித்தால் மட்டும் இது நிற்காது. உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டை ரத்து செய்ய வேண்டும்.

பேங்க்காரர்கள் கொடுக்கும் எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் படித்தாக வேண்டும் என்றும் இல்லை. கணக்குத் தொடங்கும் படிவம், செலான், பாஸ்புக் எல்லாம் இங்கிலீஷ், இந்தியோடு மாநில மொழியிலும் இருக்க வேண்டும், தமிழ்ப் படிவம் கேளுங்கள். 2024 அக்டோபர் 1-லிருந்து புதிதாகக் கொடுக்கும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்று கடனின் முக்கிய விவரங்கள் உள்ள ஒரு தாள் தர வேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். அதில் ‘ஏ.பி.ஆர்.’ என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள், கட்டணங்களெல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்ற கணக்கு. அண்ணி இப்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுகிறார்.

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர் என்றால் இந்தத் தொகுப்பு உங்களுக்குச் சரி, தாராளமாக வாங்குங்கள். இங்கேயே இருப்பவர் என்றால் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் முதல் சில பாடங்கள் போதும், லென்ட், பாரோ அதிலேயே வந்துவிடுகிறது. அந்த ஒரு ரூபாயைக்கூடக் கட்டாதீர்கள்.