வெள்ளத்தில் மூழ்கிய ஸ்பிளெண்டரும் பத்து ஆண்டு வீட்டுப் பராமரிப்பும்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை, சென்னையை அடுத்த முடிச்சூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது வண்டி இருந்த இடத்தில் இரண்டு கண்ணாடிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. அடையாறு பெருகி வீதிக்குள் வந்திருந்தது. நீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. 2007இல் வாங்கிய ஸ்பிளெண்டர் பிளஸ் பைக் அது. 97.2 சிசி, நான்கு கியர், உதைத்துக் கிளப்பும் வகை. அன்றைக்கு மீட்டர் 61,000 கிலோமீட்டர் காட்டியது. இன்று 1,38,000ஐத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட 77,000 கிலோமீட்டருக்கான பராமரிப்பில் பெரும்பகுதியை வீட்டு வாசலில் நானே செய்தேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகு அந்தப் பகுதியின் எல்லாப் பட்டறை வாசலிலும் சேறு பூசிய வண்டிகள் வரிசையாக நின்றன. நான் போன பட்டறையில் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும், அந்தச் செலவுக்கு வேறு பழைய வண்டி வாங்கிவிடலாம் என்றும் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில், எங்கள் தெருமுனையில் முன்பு பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, கிக்கரில் மட்டும் கால் வைத்துவிடாதே. முதலில் பிளக்கைக் கழற்று" என்றார். பிளக் என்பது சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக். காரணத்தையும் விளக்கினார். சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கிவிடும். தண்ணீர் அமுங்காது. அது வழிவிடாதபோது பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் பலவற்றைக் கெடுத்தது வெள்ளமல்ல, அதற்கடுத்த முதல் உதைதான் என்பது அவர் கருத்து. பின்னாளில் படித்துப் பார்த்தபோதும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்தினேன். பிளக் துளையிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்து முன்சக்கரத்தை நனைத்தது. வெறும் காற்று வரும் வரை அழுத்தினேன். அடுத்து, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் 17 எம்எம் போல்ட்டைக் கழற்றினேன். முதலில் தெளிந்த நீர் வந்தது. அதன் பின்னால், பால் அதிகம் கலந்த தேநீர் போல ஆயில் இறங்கியது. ஆயிலும் தண்ணீரும் அடித்துக் கலந்தால் அந்த நிறம் வரும். விலை குறைந்த ஆயிலை ஊற்றி, பிளக் இல்லாமலே கிக்கரை நூறு தடவை அழுத்தி, வடித்தேன். மூன்றாம் முறை வடித்ததில்தான் வெண்மை போயிற்று. பெட்ரோல் தொட்டி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணம், ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சர் எல்லாவற்றையும் காலி செய்தேன். இரண்டாம் நாள் மாலை, ஒன்பதாவது உதையில் வண்டி கிளம்பியது. சைலன்சரிலிருந்து கால் மணி நேரம் வெண்ணிற ஆவி வந்துகொண்டிருந்தது.

இத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது பெரிய தவறு. இந்த இன்ஜினில் கழற்றி எறியும் ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிவலையும், வலதுபக்க மூடிக்குள் சுழலும் ஒரு கிண்ணமும்தான் உண்டு. கிண்ணம் சுழலும்போது ஆயிலில் உள்ள கனமான துகள்கள் அதன் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் அந்தப் படிவு வெளியே வராது. இரண்டு மாதம் கழித்து அந்த மூடியைத் திறந்தேன். உள்ளே விரல் நுனி அளவுக்குக் களிமண் அப்பியிருந்தது; மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கிண்ணத்தின் மூடியில் இருக்கும் திருகுகள் சாதாரண ஸ்குரூ டிரைவருக்கு அசையாது, தலைதான் தேய்ந்து போகும். சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். வாங்கும் கருவிகளில் அதற்கு முதலிடம் கொடுங்கள்.

ஆயிலை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இதுவரை இருபத்தைந்து முறைக்கு மேல் ஆகிவிட்டது. 10டபிள்யூ-30 தர ஆயில் போதும். ஆனால் டப்பாவில் பைக் ஆயிலுக்குரிய 'ஜாசோ எம்ஏ' (JASO MA) என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக்கில் கிளட்ச் தகடுகளும் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கின்றன. காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. நான் கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் கடையில் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பழைய ஆயிலையே செயினுக்கு விடும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் இன்ஜின் தேய்ந்த உலோகத் துகள்கள் மிதக்கின்றன.

2017இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த 17 எம்எம் போல்ட்டை ஆயில் கசியக்கூடாது என்று நீளக் கைப்பிடி போட்டு இறுக்கினேன். இறுகிக்கொண்டே வந்தது, சட்டென்று லேசாகிவிட்டது. மரை போய்விட்டது. போல்ட் இரும்பு, அது ஏறும் இன்ஜின் உடம்போ அலுமினியம். இரும்பின் பலத்தைக் கணக்கிட்டு இறுக்கினால் அலுமினியம் உரிந்து வரும். வண்டியைத் தள்ளிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். துளையைப் பெரிதாக்கி, புஷ் என்ற உலோக வளையத்தை இறக்கி, புதிய மரை வெட்டிக் கொடுத்தார்கள். மறுநாளே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். கசிவைத் தடுக்கும் வேலை போல்ட்டுக்கு அடியில் இருக்கும் சிறிய அலுமினிய வாஷருடையது. ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போட்டால் மிதமான இறுக்கமே போதும். எட்டு ஆண்டாக ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

டேப்பெட் சரிசெய்ய, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரியாக வைக்கக் கற்றுக்கொண்டதுதான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் இன்ஜினைக் கிளப்பும் முன் செய்ய வேண்டும். சூடானால் உலோகம் விரிந்து அளவு மாறும். இடதுபக்க மூடியில் இரண்டு வட்டத் திருகு மூடிகள் இருக்கும். நடுவில் இருப்பதைத் திறந்து, உள்ளே தெரியும் நட்டை ஸ்பேனரால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மேல் துளை வழியே பார்த்தால் இன்ஜினுக்குள் சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தில் 'T' என்ற ஆங்கில எழுத்து வரும். அதை விளிம்பிலுள்ள வெட்டுக்கு நேராக நிறுத்தி, ராக்கர் இரண்டையும் விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இதைத் தவறவிட்டால் அதன் பிறகு செய்வதெல்லாம் வீண்.

விடவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். கையேட்டில் உங்கள் மாடலுக்குரிய அளவைப் பார்த்து அந்தத் தடிமனுள்ள ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை அந்த இடைவெளியில் செருகுங்கள். உள்ளே போக வேண்டும், இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி வருவது போன்ற ஒரு பிடிப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். இடைவெளியை மாற்றும் திருகைப் பிடித்து நிறுத்தும் லாக் நட்டை இறுக்கும்போது அந்தத் திருகும் கூடவே நகர்ந்துவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் மூடக்கூடாது. முதல் முறை எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. இப்போது அரை மணி நேரம்.

டேப்பெட் சத்தம் கேட்டால் எல்லோரும் பதறுகிறார்கள். சத்தமே இல்லாத டேப்பெட்டுக்குத்தான் நான் பயப்படுவேன். இடைவெளி அறவே இல்லையென்றால் வால்வு முழுதாக மூடாது; எரியும் வாயு அதன் விளிம்பில் கசிந்து வால்வையே கருக்கிவிடும். லேசான டிக் டிக் ஓசை எனக்கு நிம்மதி தருகிறது.

கார்புரேட்டர் விஷயத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் வேலை கூடிவிட்டது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வரத் தொடங்கியது, இப்போது எங்கும் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். என் வண்டியில் உள்ள ரப்பர் பாகங்கள் அந்தக் கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய் ஊறி நெகிழ்ந்து, பொருந்தும் இடத்தில் வெடித்தது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. குழாயை ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறேன். ஊருக்குப் போவதென்றால் தொட்டிக் குழாயை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டே கிளம்புகிறேன். இந்த ஒரு பழக்கத்துக்குப் பிறகு, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டில் அடைப்பு வரவில்லை. அடைத்தால் ஊசி விடாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். ஸ்பிரே அடித்து ஊதினால் போதும்.

செயினுக்கு 90 கிரேடு கியர் ஆயில், மாதம் ஒருமுறை. டயரில் காற்று, தனியாகப் போகும்போது முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 28. பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதக்கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

வீட்டில் நான் தொடாத வேலைகளும் உண்டு. கம்பிச் சக்கரத்தின் கோணல் எடுப்பதை அதற்கென்றே கை பழகியவரிடம் கொடுக்கிறேன். தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடையும் போரிங், கிராங்க் பேரிங் இரண்டும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு உரியவை. 98,000 கிலோமீட்டரில் புகை வந்தபோது இன்ஜினைக் கழற்றும் வரைதான் நான் செய்தேன். போரிங் போட்டு, பிஸ்டன் மாற்றியவர் மெக்கானிக். அவர் வேலையைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் வாய் ஒரே நேர்க்கோட்டில் வரக்கூடாது என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். உதிரிப் பாகங்களை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்குகிறேன். எப்போதாவது ஒரு பழைய மூடியோ தாங்கியோ வேண்டுமென்றால் புதுப்பேட்டை.

2022இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகம் போனேன். ஆய்வாளர் இன்ஜின் எண்ணைப் பார்க்கக் குனிந்தார். துடைத்துச் சுத்தமாக இருந்ததால் முதல் பார்வையிலேயே படித்துவிட்டார். பிரேக், விளக்கு, ஹாரன் பார்த்தார், புகைச் சான்றைப் பார்த்தார், ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். தொட்டியில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்ற பழைய பெயரே ஒட்டியிருக்கிறது. வண்ணம் மங்கியிருந்தாலும் அதை மாற்ற எனக்கு மனமில்லை.

இப்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடதுபக்கத்தில் எண்ணெய் கசிகிறது. மேடு பள்ளத்தில் இறங்கி எழுந்தால் குழாயில் மெல்லிய வளையமாகத் தெரிகிறது. இரண்டு சீல்களும் ஃபோர்க் ஆயிலும் வாங்கி வைத்துவிட்டேன். சீலைச் சாயாமல் இறக்குவதற்கு, அதே விட்டத்தில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றையும் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருக்கிறேன். பொங்கல் விடுமுறையில் பிரிக்கிறேன்.