எட்டேகால் லட்சணமும் 666உம்

எங்கள் வீட்டில் பைபிளின் கடைசிப் புத்தகத்துக்கு இரண்டு பெயர். மாயவரத்து லுத்தரன் குடும்பமான அப்பா பக்கத்தில் அது 'வெளிப்படுத்தின விசேஷம்'. தஞ்சாவூர்க் கத்தோலிக்கரான அம்மா பக்கத்தில் 'திருவெளிப்பாடு'. பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட அத்தை அப்பா பக்கத்துப் பெயரைத்தான் சொல்வார், வாசிக்கும் விதம்தான் வேறு. கல்யாணம், துக்கம் என்று எல்லோரும் கூடினால் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது, அந்தப் புத்தகத்தில் வரும் மிருகத்தின் எண்ணான 666 என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் காபி ஆறிப்போகும்.

இந்தப் புத்தகத்தின் மிருகம், குதிரை, எக்காளம் எல்லாவற்றையும் வாசிக்க நான்கு வழிகள் உண்டு. முதல் நூற்றாண்டில் ரோமப் பேரரசின் கீழ் தவித்த சபைகளுக்கு அன்றைய நிலவரத்தைச் சொன்னது என்பது ஒன்று. அன்று தொடங்கி இன்றுவரை திருச்சபையின் சரித்திரம் வரிசையாக அதில் இருக்கிறது என்பது இரண்டாவது. பெரும்பகுதி இனிமேல்தான் நடக்கப்போகிறது என்பது மூன்றாவது. இதில் தேதியே கிடையாது, எக்காலத்துக்கும் பொருந்தும் நன்மை தீமைப் போராட்டத்தின் படம் என்பது நான்காவது. எது சரி என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. ஒவ்வொரு படிமத்தையும் நான்கிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அத்தை மூன்றாம் வழி. அவர் காட்டிய 666 மாறிக்கொண்டே வந்தது. முதலில் பார்கோடு. பிறகு ஆதார். கொரோனா வந்தபோது தடுப்பூசி. "பழசு தப்பாப் போச்சே அத்தை" என்றால், "படிச்ச திமிர்டா உனக்கு" என்பார். ஆனால் வசனம் என்ன சொல்கிறது? புத்தியுள்ளவன் அந்த எண்ணைக் கணக்குப் பார்க்கட்டும், அது ஒரு மனிதனின் எண் என்கிறது. அன்று வாசித்தவன் அன்றே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது.

தமிழனுக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. ஔவையார் பாடியதாகச் சொல்லும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒரு வசவு வரும். தமிழ் எண்ணில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. சேர்த்தால் அவலட்சணம். எழுத்தே எண்ணாக இருக்கும் மொழியில் ஒருவரைப் பெயர் சொல்லாமல் திட்டலாம். எபிரேயமும் அப்படிப்பட்ட மொழிதான். ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை, 'நேரோன் கேசர்' என்று எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டுங்கள்: 50, 200, 6, 50, 100, 60, 200. மொத்தம் 666. பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 666க்குப் பதில் 616 என்று இருக்கிறது. லத்தீனில் சொல்வதுபோல் கடைசி 'ன்' இல்லாமல் 'நேரோ' என்று எழுதினால் ஐம்பது குறையும், 616 வந்துவிடும். இரண்டு எண்ணுக்கும் ஒரே ஆள் விடையாக வருவதை வேறு எந்த வழியும் இவ்வளவு சுத்தமாக விளக்குவதில்லை.

இதற்கும் ஒரு இடறல் உண்டு. நீரோ 68இல் செத்துவிட்டான். புத்தகமோ பின்னால் வந்த பேரரசன் தொமித்தியன் காலத்தில், 95ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதுதான் பலரின் கணிப்பு. ஆனால் நீரோ சாகவில்லை, திரும்பி வருவான் என்ற வதந்தி அப்போது ரோம உலகில் ஓடிக்கொண்டிருந்தது. சாவுக்காயம் பட்டுப் பிழைத்த மிருகத்தின் தலை அதைத் தொட்டுத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வழிக்கு வருகிறேன், சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம். 1522இல் லுத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் பாபிலோன் வேசியின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடத்தை வைத்தே படம் போட்டார்கள். அந்த மரபின் போதகர்கள் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் லுத்தரன்களைச் சாடி நூலே எழுதினார். எங்கள் வீட்டுக் காபிச் சண்டைக்கு முந்நூறு வருட வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் யார் கணக்குப் போட்டாலும் தங்கள் தலைமுறையே கடைசி என்று வரும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரின் ஆட்கள் பைபிளின் தானியேல் புத்தகத்தில் வரும் 2,300 நாளை வருடமாக்கி, 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து ஏமாந்தார்கள். அம்மா ஜெபமாலை சொல்லும் வீட்டில் போப்தான் மிருகம் என்று பேச எனக்கு வாயும் வராது.

இதில் ஒரு வேடிக்கை. போப் மேல் விழுந்த பழியைத் திருப்பத்தான், கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்து இனிமேல்தான் வருவான் என்ற வாசிப்பை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரிபேரா என்ற இயேசு சபைக் குரு விரித்து எழுதினார். அத்தையின் சபைத் துண்டுப் பிரசுரத்துக்குக் கொள்ளுத்தாத்தா ஒரு கத்தோலிக்கச் சாமியார்! அத்தையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த படிமம் ஆறாம் அதிகாரத்துக் கறுப்புக் குதிரை. ஏறியிருப்பவன் கையில் தராசு. ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்றுபடி வாற்கோதுமை, எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்று ஒரு குரல். பணம் என்பது ஒரு நாள் கூலி. அந்தப் படி ஏறக்குறைய ஒரு லிட்டர், ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாடு. நாள் முழுக்க உழைத்தவன் தான் மட்டும் தின்னலாம். பெண்டாட்டி பிள்ளை இருந்தால் வாற்கோதுமைதான். வசதியானவர்களின் எண்ணெய்க்கும் ரசத்துக்கும் ஒன்றும் ஆகாது. தொமித்தியன் காலத்தில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் மாகாணங்களின் திராட்சைத் தோட்டங்களில் பாதியை அழிக்கச் சொல்லி ஆணை வந்து, அது நடக்காமலே போயிற்று. முதல் வழி இங்கே கச்சிதம்.

ஆனால் நாகப்பட்டினம் பக்கத்தில் இந்த வசனத்தை அதோடு மூட முடியாது. கூலியில் அரைப்படி நெல் உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. படி என்ற சொல் இங்கே வெறும் அளவு இல்லை. முதல் வழி கதவைத் திறந்துவிடுகிறது, உள்ளே போக நான்காவது வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் அதிகாரத்தில் சூரியனை உடுத்திய பெண்ணை அம்மா மாதா என்பார், அப்பா சபை என்பார். சூரியன், சந்திரன், நட்சத்திரம் மூன்றும் ஆதியாகமத்தில் வரும் யோசேப்பின் கனவிலிருந்து வந்தவை, அங்கே அவை இஸ்ரவேல் குடும்பம். அதனால் முதல் பொருள் ஒரு மக்கள் கூட்டம்தான். பிள்ளை பெறுகிறவள் என்பதால் மாதாவுக்கும் அதில் இடம் இருக்கிறது. இதற்கெல்லாம் சண்டை வேண்டாம்.

கடைசியாகக் கடல். 21ஆம் அதிகாரத்தில் புதிய வானம், புதிய பூமி, புதிய எருசலேம் எல்லாம் வருகின்றன, கடல் இல்லாமற்போகிறது. தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய ஆலயத்தின் பெயரே புதிய எருசலேம். வாசலில் நின்றால் அலைச்சத்தம் கேட்கும். மூன்றாம் வழி, கடல் நிஜமாகவே வற்றிவிடும் என்கிறது. முதல் வழி, ரோமின் கப்பலும் படையும் வந்த பாதை அது, பத்மு தீவில் கிடந்த, இந்தப் புத்தகத்தை எழுதிய யோவானைச் சபைகளிடமிருந்து பிரித்த தண்ணீர் என்கிறது. நான்காவது, தானியேலின் நான்கு மிருகங்களும் கடலிலிருந்து ஏறி வந்ததை நினைவூட்டி, கடல் என்றால் கட்டுக்கடங்காத தீமை என்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போன பிறகு, இந்த விளக்கத்துக்கு இங்கே அகராதி தேவையில்லை.

ஒரு வேதபாடக் கூட்டத்தில் ஐயர் (லுத்தரன் போதகரை அப்படித்தான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள்) இந்த நான்காவது விளக்கத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மீன் விற்கும் அம்மா ஒருவர் எழுந்தார். சுனாமியில் மகனைக் கொடுத்தவர்.

"அப்ப அந்தக் கடல் போகட்டும் ஐயரே. எங்க கடலு இருக்கட்டும்."